பிறந்த வீட்டுக் கோடி

"ஒய் அமுக்கு," என்றான் தசரதன்.

லீலா அந்த எழுத்து விசையின் மேல் விரலை வைத்துக்கொண்டு திரையைப் பார்த்தாள். இதில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும், தொடரலாமா என்று பச்சை எழுத்துகள் ஆங்கிலத்தில் கேட்டுக்கொண்டிருந்தன.

"எல்லாம் பூடும்னு போட்டுகீதே?"

"உள்ள ஒண்ணுமே இல்ல லீலா. வித்தவங்க தொடச்சிட்டுதான் குடுத்தாங்க. டாஸ் ஏத்துற வரிக்கும் இது வெறும் தகரப் பொட்டி."

அமுக்கினாள். பெட்டிக்குள் கரகரவென்று ஏதோ சுழலத் தொடங்கியது. தசரதன் இரண்டாவது பிளாப்பியை உறையிலிருந்து எடுத்துத் தயாராக வைத்தான்.

மெட்ராஸில் ஏதோ ஓர் அலுவலகம் கழித்துக்கட்டிய கம்ப்யூட்டர் அது. தசரதன் வேலை பார்த்த தொழிற்சாலையின் ஸ்டோர்ஸில் இதே மாதிரி ஒன்று இருந்தது, அதில்தான் பழகியிருந்தான். வேலைநிறுத்தம் தொடங்கியதும் சங்கச் செயலாளர் என்று முதல் ஆளாக அவனை வெளியே அனுப்பினார்கள். படப்பை பஸ் நிறுத்தத்துக்கு எதிரே இந்த அறையைப் பிடித்து டைப்பிங் கடை போட்டுவிடலாம் என்று சொன்னவள் அவன் மனைவி லீலாதான். கடை வந்தால் சண்டையை விடுவான் என்று நினைத்தாள். அவன் விடவில்லை. தினமும் காலையில் தொழிற்சாலை கேட்டுக்குப் போய், ஒப்பந்தக் கூலி ஆட்களை ஏற்றிவரும் வேன்களை மறித்துவிட்டுத்தான் கடைக்கு வந்தான். அந்த வேன்கள் லீலாவின் அண்ணன் கோதண்டத்துடையவை.

வெளியே ஒரு வேன் கிறீச்சிட்டு நின்றது. முகத்தைத் துண்டால் சுற்றிய ஆட்கள் குதித்து இறங்கினார்கள். முதல் அடியில் கண்ணாடிக் கதவு உதிர்ந்தது. அடுத்த அடி தசரதனின் தோளில் விழுந்தது. நாற்காலியோடு சரிந்தவன், இரும்புக் குழாயை ஓங்கி நின்றவனை அண்ணாந்து பார்த்தான்.

"மச்சான்," என்றான். குரலை உயர்த்தவில்லை. "லீலா கீறா. வெளிய இட்டுனு போய் அடி."

துண்டுக்கு மேலே தெரிந்த கண்கள் ஒரு கணம் அவள் பக்கம் திரும்பின. அவளோடு ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்தவனின் கண்கள். பிறகு கோதண்டம் குனிந்து தசரதனின் சட்டையைப் பிடித்து, கேட்டுக்கொண்டதைச் செய்கிறவன் போல, உடைந்த கண்ணாடியின் மேல் அவனைத் தரதரவென்று வெளியே இழுத்துப் போனான்.

பின்னால் ஓடியவளை ஒருவன் சுவரோடு சேர்த்துத் தள்ளினான். உதடு கிழிந்து வாயெல்லாம் உப்புக் கரித்தது. பஸ்ஸுக்கு நின்றிருந்தவர்கள் டீக்கடைக்குள் ஒதுங்கினார்கள். குழாய் விழும் சத்தம் முதலில் எலும்பில் கேட்டது. அப்புறம் ஈர மண்ணில் அடிப்பதுபோல் மந்தமாகிவிட்டது. அவன் ஒருமுறைகூடக் கத்தவில்லை. கத்தினால் அவள் வெளியே வந்துவிடுவாள் என்று நினைத்திருப்பான்.

சங்கத்து நாகப்பன் ஒரு டெம்போவைப் பிடித்து வந்தார். மடியில் கிடந்த தலை எந்தப் பக்கம் திருப்பினாலும் அந்தப் பக்கமே சாய்ந்தது. தாம்பரம் வருவதற்குள் மூச்சு நின்றுவிட்டது. லீலா யாரிடமும் சொல்லவில்லை. ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் புடவைத் தலைப்பால் அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்தாள்.

உடலை அறுப்பதற்கு எடுத்துக்கொண்ட பிறகு, இடத்தைக் காட்டச் சொல்லிப் போலீஸ்காரர்கள் அவளைக் கடைக்கு அழைத்து வந்தார்கள். எல்லாம் உடைந்து கிடக்க, மேசை மேல் இயந்திரம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. ஏற்ற வேண்டியதை ஏற்றிவிட்டு, அடுத்த கட்டளைக்காகத் திரையில் ஒரு கோடு துடித்தது.

"அத்த நிறுத்தும்மா," என்றார் ஏட்டு.

"பாதியில நிறுத்தக் கூடாது சார்."

தரையில் கிடந்த இரண்டாவது பிளாப்பியை எடுத்தாள். அதன் உறையில் ரத்தம் தெறித்திருந்தது. உள்ளே தட்டு சுத்தமாக இருந்தது. அவன் சொல்லிக்கொடுத்தபடி அதையும் ஏற்றினாள். ஏட்டு தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். பிளாப்பியை உருவிவிட்டு இயந்திரத்தை அணைத்துப் போட்டாள். இம்முறை அது தன் தட்டிலிருந்தே விழித்துக்கொண்டு, இன்றைக்கு என்ன தேதி என்று கேட்டது.

"இன்னிக்கு இன்னா தேதி சார்?"

அவர் சொன்னார். அடித்தாள். இயந்திரம் ஏற்றுக்கொண்டது.

"மூஞ்ச மூடினு வந்தானுங்கன்றாங்க," என்றார் ஏட்டு. "யாருன்னு எதுனா தெரிஞ்சுதா?"

அவள் கிழிந்த உதட்டை நாக்கால் தொட்டுப் பார்த்தாள்.

"கோதண்டம். எங்கண்ணன்."

மறுநாள் மதியம் சேரப்பணஞ்சேரியில் அவர்கள் வீட்டு வாசலில் உடலைக் கிடத்தினார்கள். தலை முழுக்கக் கட்டுப் போட்டிருந்ததால் மூக்கும் வாயும்தான் தெரிந்தன. அம்மா கிளியம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து லீலாவின் காதோரம் பேசினாள்.

"உங்கண்ணன் வருவான்டி. கோடிய வாங்கிக்கோ. ஒரு உசுரு பூட்ச்சி. இன்னொண்ணையும் குடுக்க என்னால ஆவாது."

லீலா கட்டின் மேல் உட்கார்ந்த ஈயை ஓட்டினாள்.

தங்கை வாய் திறந்திருக்க மாட்டாள் என்று நம்பித்தான் கோதண்டம் வந்தான். தெருமுனையில் மரத்தடியில் போலீஸ் ஜீப் நின்றதை அவன் கவனிக்கவில்லை. தோல் செருப்பைக் கழற்றிவிட்டு, தட்டில் கோடிப் புடவையை ஏந்திக்கொண்டு கூட்டத்தை விலக்கி வந்து அவள் எதிரில் குனிந்தான். கண்கள் சிவந்து வீங்கியிருந்தன. அழுதிருந்தான். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

"வெளிய இட்டுனு போய் அடின்னாரு," என்றாள். "அடிச்சிட்ட. இப்ப இன்னாத்துக்கு வந்த?"

பறை நின்றது. நாகப்பன்தான் முதலில் பாய்ந்தார். அப்புறம் யார் யாரோ. தட்டு உருண்டது, புடவை மிதிபட்டது. பாடைக்கு வெட்டிப் போட்டிருந்த மூங்கில் கழிகள் கைக்குக் கை மாறின. கோதண்டத்தின் காது கிழிந்து கழுத்தில் ரத்தம் வழிந்தது. "லீலா," என்றான். போதும் என்ற சொல் அவள் வாய்க்குள் வந்துவிட்டிருந்தது. அவள் பல்லைக் கடித்து அதை உள்ளேயே வைத்திருந்தாள்.

கிளியம்மாள் அவன் மேல் குப்புற விழுந்தாள். ஓங்கிய கழி ஒன்று அவள் முதுகில் இறங்கியது.

"போதும் உடுங்க," என்றாள் லீலா அப்போதுதான்.

போலீஸ்காரர்கள் வந்து அவனைத் தூக்கி நிறுத்தி ஜீப்பில் ஏற்றினார்கள். அதன் பிறகு பாடை கட்டினார்கள், எடுத்துக்கொண்டு போனார்கள். பெண்கள் வாசலைக் கழுவிவிட்டு ஒவ்வொருவராகச் செருப்பை மாட்டிக்கொண்டு கலைந்தார்கள்.

பொழுது சாயும்போது ஈரத் தரையில் ஒரு ஜோடி தோல் செருப்பு மட்டும் மிச்சமிருந்தது. கிளியம்மாள் முதுகைப் பிடித்துக்கொண்டு மெல்லக் குனிந்து அதை எடுத்தாள். முந்தானையால் துடைத்தாள். எங்கே வைப்பது என்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு மகளைப் பார்த்தபடி நின்றாள்.

லீலா கொஞ்சம் நகர்ந்து, வாசற்படியில் அம்மாவுக்கு இடம் விட்டாள்.