அடுத்தவர் காபி

பஸ் டிப்போ மூலையில் இருந்த காபிக் கடையில் அடுத்தவருடைய காபியை அடிவரை குடித்தவர்கள், அன்று மாலை அந்த அடுத்தவரின் வீட்டுக்குப் போனார்கள். வீட்டார் கதவைத் திறந்து, ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்டார்கள். முதலில் அப்படிப் போனவர் சைக்கிள் கடைக்காரர். மழை பெய்த ஒரு காலையில், கூட்டம் நெருக்கியடித்ததில், மேடையில் இருந்த இரண்டு டம்ளர்கள் இடம் மாறிவிட்டன. ஒன்று அவருடையது, சர்க்கரை அள்ளிப் போட்டது. மற்றது குடிநீர் ஆபீஸ் குமாஸ்தாவுடையது, சர்க்கரை வாடையே இல்லாதது. "என்ன மாஸ்டர், சக்கரைக்குப் பஞ்சமா?" என்று கேட்டுக்கொண்டே சைக்கிள் கடைக்காரர் குடித்து முடித்தார். குமாஸ்தாவும் முகத்தைச் சுளித்தபடி தன் கைக்கு வந்ததைக் குடித்தார். அன்று பகல் முழுவதும் சைக்கிள் கடைக்காரர் ஆபீஸில் உட்கார்ந்து குழாய் இணைப்பு மனுக்களைத் திருப்பி அனுப்பினார். குமாஸ்தா பஞ்சர் ஒட்டினார், நன்றாகவே ஒட்டினார். மாலையில் சைக்கிள் கடைக்காரர் தன் சட்டைப் பையிலிருந்து குமாஸ்தா வீட்டுச் சாவியை எடுத்துக் கதவைத் திறந்தார். அதே மீசைதான், நகக்கண்ணில் அதே கிரீஸ்தான். ஆனால் குமாஸ்தாவின் மனைவி எந்த வித்தியாசமும் காணவில்லை. கூடத்தில் மாட்டியிருந்த கல்யாணப் போட்டோவிலும் அவள் பக்கத்தில் சைக்கிள் கடைக்காரர்தான் விறைப்பாக நின்றார். பக்கத்து வீட்டுக்காரி பொறுக்கமாட்டாமல் மதில்மேல் எட்டிப் பார்த்து, "அக்கா, அது உங்க வீட்டுக்காரர் இல்ல, சைக்கிள் கடைக்காரர்" என்றாள். "ஏண்டி, ராத்திரி நீ சரியா தூங்கலையா?" என்று அந்த அக்கா சிரித்துவிட்டுத் துவைத்த துணியைப் பிழியப் போய்விட்டாள்.

இப்படித்தான் அந்த விதி எல்லோருக்கும் தெரிய வந்தது. ஆள் மாறினால் தெருவுக்குத் தெரியும், வீட்டுக்குத் தெரியாது. மாறிய ஆளுக்கும் தெரியாது. இன்னும் சில மழைகளுக்குப் பிறகு ஒரு மரியாதையும் ஏற்பட்டது. யார் வீட்டில் யார் மாறியிருந்தாலும் அதை அந்த வீட்டாரிடம் சொல்வதில்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது, நம்பவா போகிறார்கள்?

வேறு கடைக்குப் போயிருக்கலாமே என்று வெளியூர்க்காரர்கள் கேட்பதுண்டு. எதிரே ஒரு கடை இருந்தது. அங்கே ஊற்றியது நிறத்தில் மட்டும் காபி. பெரிய சாலையில் கண்ணாடிக் கதவும் மெத்தை நாற்காலியும் போட்ட கடை ஒன்று வந்தது. அங்கே காபியின் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் குடிக்கும் ஆசை போய்விடும். மூலைக் கடைக் காபிக்கு ஒரு தடவை பழகிய நாக்கு வேறெங்கும் அடங்கவில்லை. ஆகவே ஜனங்கள் பயந்துகொண்டே அங்கேயே குடித்தார்கள். முதல் மடக்கை வாயில் வைத்துக் கண்ணை மூடி, தன்னுடையதுதானா என்று நிச்சயம் செய்துகொண்ட பிறகே விழுங்கினார்கள். தன் டம்ளரை வேறொருவன் தவறியும் எடுத்துவிடக் கூடாது என்பதற்காக ஆளாளுக்குத் தங்கள் ருசியைக் கோணலாக்கிக்கொண்டார்கள். மர அறுவை மில் மேஸ்திரி மிளகு தட்டிப் போடச் சொன்னார். கணக்கு வாத்தியார் ஒரு சிட்டிகை உப்புக் கேட்டார். கடன் வசூலிக்கும் ஆள் ஒருவர், காபி ஆறி ஆடை கட்டி, அந்த ஆடையில் ஈ உட்கார்ந்து எழுந்த பிறகுதான் குடிப்பார். "நான் காபிக் கடை வச்சிருக்கேனா, நாட்டு மருந்துக் கடை வச்சிருக்கேனா?" என்று மாஸ்டர் தலையில் அடித்துக்கொண்டார். ஆனாலும் ஒவ்வொன்றையும் கேட்டபடியே போட்டார். அவருக்கும் பயம் இருந்தது.

மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதித்து லென்ஸ் பொருத்தும் பெண் ஒருத்தி அந்தத் தெருவில் தண்ணீர்த் தொட்டிக்கு அருகில் குடியிருந்தாள். தெரு முழுக்கவும் அவளைக் கண்ணாடிக்காரி என்றே கூப்பிட்டது. தெருவில் அவளைவிட அதிகம் பயந்தவர் யாரும் கிடையாது. காரணம் அவள் கணவன். அவன் டவுன் பஸ் டிரைவர். கடுங்காப்பியோ பால் காபியோ, ஸ்ட்ராங்கோ லைட்டோ, இனிப்போ கசப்போ, கொடுத்ததைக் குடித்துவிட்டு டம்ளரைக் கவிழ்த்து வைக்கும் மனிதன். தனக்கென்று ஒரு காபி இல்லாதவன் யாருடைய காபியையும் எடுத்துவிடுவான் என்பது அவள் கணக்கு.

"ஏங்க, உங்களுக்குன்னு ஒரு டேஸ்ட்டே கிடையாதா?"

"சூடா இருந்தா சரி."

"ஒருநாள் வேற எவ வீட்டு வாசல்லயாவது போய் நிக்கப்போறீங்க."

"அங்கயும் காபி குடுப்பாங்கல்ல?"

அவள் அழுததைப் பார்த்து, எதிர்க் கடைக்கே போகிறேன் என்று அவன் ஒப்புக்கொண்டான். இரண்டு நாள் போனான். மூன்றாம் நாள், "அது காபியா? பஸ் கழுவின தண்ணி" என்று திரும்பி வந்தான். "அப்ப உங்களுக்கும் நாக்குன்னு ஒண்ணு இருக்கு!" என்று அவள் சந்தோஷப்பட்டாள். அந்த நாக்குக்கு ஒரு பழக்கத்தைப் பிடித்துவைக்க வேண்டுமென்று தினமும் காலையில் வீட்டிலேயே விதவிதமாகக் கலந்து கொடுத்தாள். எது பிடித்தது என்று கேட்பாள். எல்லாம் நல்லாத்தான் இருக்கு என்பான். இப்படியே ஒரு வருஷம் போனது. பிள்ளைகளில் சின்னவள் நடக்கத் தொடங்கினாள், பெரியவன் பள்ளிக்கூடம் போனான்.

பிறகு ஒரு நாள், சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே அவன் சமையலறைப் பக்கம் திரும்பி, "பால் கம்மியா, சக்கரை தூக்கலா போடு" என்றான்.

கண்ணாடிக்காரியின் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது. இத்தனை நாளும் அவள் வேண்டிக் கேட்டது இதைத்தான். ஆனால் இப்போது கேட்டது அவன்தானா என்று அவளுக்குச் சந்தேகம் வந்தது. மறுநாளும் அவன் அதையே கேட்டான். அதற்கு மறுநாள் சர்க்கரை குறைந்திருந்தது என்று பாதியில் வைத்துவிட்டுப் போனான். அவள் கல்யாணப் போட்டோவை இறக்கி, கடையில் லென்ஸில் கீறல் தேடும் பூதக்கண்ணாடியால் பார்த்தாள். அதில் இவன்தான் இருந்தான். சின்னவள் இவன் தோளில்தான் தூங்கினாள். அவன் காதும் கழுத்தும் அவளுக்கு மனப்பாடம். ஆனால் குமாஸ்தா மனைவிக்கும் சைக்கிள் கடைக்காரரின் மீசை மனப்பாடமாகத்தானே இருந்தது? பகலெல்லாம் ஊரார் கண்ணில் டார்ச் அடித்து, இது தெரிகிறதா, அது தெரிகிறதா என்று கேட்கிற தனக்கு, தன் வீட்டுக்குள் நடப்பது எந்தக் கண்ணாடி போட்டாலும் தெரியப்போவதில்லை என்று அவளுக்குப் புரிந்தது. ராத்திரி அவன் மூச்சுவிடும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு, அது பழைய மூச்சா புது மூச்சா என்று தெரியாமல் படுத்திருந்தாள்.

வீட்டில் இருப்பது பழைய ஆள்தானா என்று எதிர்வீட்டு அக்காவிடம் போய்க் கேட்டாள். அக்கா கொடியில் காய்ந்த துணியை எடுப்பதுபோல் திரும்பிக்கொண்டாள்.

"எதுக்கும்மா இப்ப அதெல்லாம்? நல்லாத்தானே பாத்துக்கறாரு."

அந்த ஒரு வார்த்தை போதுமானதாக இருந்தது. கண்ணாடிக்காரி வீட்டைப் பூட்டக்கூட மறந்து மூலைக் கடைக்கு ஓடினாள்.

கடை வாசலில் ஒரு பெஞ்சு கிடந்தது. தன் காபியை வேறொருவர் குடித்துவிட, தான் எதையுமே குடிக்காமல் போனவர்கள்தான் அதில் உட்காருவார்கள். அவர்களுக்குப் போக வீடு கிடையாது. எல்லாம் ஞாபகம் இருப்பதும் அவர்களுக்கு மட்டும்தான். அன்றைக்கு அதில் ஒருவர் இருந்தார். பெஞ்சுக்காரர் என்றே எல்லோரும் அவரைச் சொன்னார்கள். வாடிக்கையாளர்கள் வேண்டாமென்று ஒதுக்கி, யாருடையதும் இல்லாமல் போன காபியை மாஸ்டர் அவருக்குக் கொடுப்பார். மிளகு போட்டதைக் குடித்தார், பிறகு ஆறிப்போன ஒன்றைக் குடித்தார், இரண்டுக்கும் ஒரே முகம். குடித்த டம்ளரைக் கவிழ்த்து வைத்தார். அந்த முகத்தைக் கண்ணாடிக்காரி ஒரு அடி தூரத்தில் நின்று உற்றுப் பார்த்தாள். பழக்கமில்லாத முகம். நெஞ்சில் ஒன்றும் அசையவில்லை. அதுதான் அவளை மேலும் பயமுறுத்தியது.

"உங்களுக்கு எப்படிக் காபி வேணும்?" என்று கேட்டாள்.

"சூடா இருந்தா சரிம்மா."

"உங்க வீடு எங்க இருந்துச்சு?"

"தண்ணித் தொட்டிக்குப் பக்கத்துல. பச்சைக் கதவு." அவர் அவளை நேரே பார்க்கவில்லை. "ஒருநாள் போய்த் தட்டுனேன். யாரு வேணும்னு மரியாதையாத்தான் கேட்டாங்க."

"யாரு கேட்டா?"

"நீங்கதாம்மா."

அவளுக்கு ஞாபகம் வந்தது. பொழுது சாயும் நேரம், மாவு பிசைந்த கையோடு கதவைத் திறந்தாள். நனைந்த சட்டையுடன் யாரோ ஒருவர் நின்றார். டிரைவரைத் தேடி வந்தவர் என்று நினைத்து, உள்ளேதான் இருக்கிறார், கூப்பிடட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்று போய்விட்டார்.

மாஸ்டர் அடுப்பைக் குறைத்துவிட்டு வந்து நடந்ததைச் சொன்னார். வீடுவாசல் இல்லாத லாரி கிளீனர் ஒருவன், ஊருக்குப் புதியவன், தெரியாமல் டிரைவருக்கு வைத்த காபியைக் குடித்துவிட்டான். டிரைவர் வந்து பார்த்தபோது டம்ளர் காலி. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எதையும் குடிக்காமல் ஓடினார். போனால் சீட்டில் வேறொருவன் உட்கார்ந்து ஹாரன் அடித்துக்கொண்டிருந்தான். திருப்பி மாற்ற முடியுமா என்று கண்ணாடிக்காரி கேட்டாள். முடியும், அவனுடைய காபியை இவர் குடித்தால் போதும் என்றார் மாஸ்டர்.

"ஆனா அப்புறம் இந்தப் பெஞ்சுல அவன் உக்காருவான். இப்படி ஒருத்தன் உன் பிள்ளையைத் தூக்கிட்டுத் திரிஞ்சான்கிறதே உனக்கு ஞாபகம் இருக்காது. பாத்துக்கோ."

சின்னவளுக்குக் கடைவாய்ப் பல் முளைத்துவிட்டதா என்று மட்டும் பெஞ்சுக்காரர் கேட்டார். கண்ணாடிக்காரி அவர் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். எந்தப் பக்கம் யோசித்தாலும் ஒருவர் பெஞ்சில் இருந்தார். போன வாரம் சின்னவளுக்கு இருமல் வந்தபோது விடியும்வரை தோளில் போட்டு நடந்தவன் வீட்டில் இருக்கிறான். மாவுக் கையோடு அவள் துரத்திவிட்டவர் இங்கே இருக்கிறார். கடையில் கூட்டம் வந்தது, போனது. பிறகு எழுந்து, "வாங்க போகலாம்" என்றாள்.

வீட்டில் அவள் கணவன் கதவைத் திறந்து, கூட வந்தவரைப் பார்த்தான்.

"யாரு இவரு?"

"என் வீட்டுக்காரர்னு நினைக்கிறேன்."

அவன் பெரியவனின் பள்ளிக்கூடப் பையைக் கையில் வைத்திருந்தான். அதை மெதுவாகக் கீழே வைத்தான்.

"அப்ப நான்?"

"நீங்களும்தான்."

அவன் சற்று ஒதுங்கி வழிவிட்டான். பெஞ்சுக்காரருக்கு முன்னறையில் கட்டில் போடப்பட்டது. பிள்ளைகளிடம் அவரைப் பெரியப்பா என்று சொன்னார்கள். பெரியவன் ஒப்புக்கொண்டான். சின்னவளுக்கு யார் தூக்கினாலும் சரிதான். தெரு கொஞ்ச நாள் வாயை மூடவில்லை. பிறகு மர அறுவை மில்லில் தீப்பிடித்தது, பேச்சு அங்கே போய்விட்டது.

ஆனால் கண்ணாடிக்காரியின் பயம் போகவில்லை. காலையில் இரண்டு பேரும் காபிக்குக் கிளம்பும்போது கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். மாலையில் திரும்பி வந்தவர்கள் காலையில் போனவர்கள்தானா என்று கேட்க அவளுக்கு ஆளில்லை. ஒருநாள் அவளும் செருப்பை மாட்டிக்கொண்டு கூடவே போனாள். கூட்டத்தை விட்டுத் தள்ளி, மேடையின் கோடியில் மூவரும் நின்றார்கள். சர்க்கரை தூக்கலான காபி ஒன்று, அவளுடைய கடுங்காப்பி, சூடாக மட்டும் இருந்த இன்னொன்று. மாஸ்டர் டம்ளர்களை அவரவர் முன்னால் சரிபார்த்து வைக்கப் போனார்.

"எப்படி வேணும்னாலும் வைங்க மாஸ்டர்" என்றாள் அவள். "மூணும் ஒரே வீட்டுக்குத்தான் போகுது."

மாஸ்டர் அவளை ஒருமுறை பார்த்துவிட்டு, தட்டோடு அப்படியே மேடையில் இறக்கினார். கண்ணாடிக்காரி பார்க்காமல் ஒரு டம்ளரை எடுத்தாள். முதல் மடக்கிலேயே தெரிந்தது, சர்க்கரை தூக்கல். மற்ற இருவரும் தங்கள் டம்ளரை வாயில் வைக்காமல் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவள் கண்ணை மூடிக்கொண்டு அடிவரை குடித்தாள். பிறகு அவர்களும் குடித்தார்கள்.

அன்று டவுன் பஸ்ஸை அவள் ஓட்டினாள். டிப்போ வளைவில் வண்டியைத் திருப்ப எல்லா டிரைவர்களும் திணறுவார்கள், அவள் ஒரே வீச்சில் திருப்பினாள். கண்ணாடிக் கடையில், அவளுடைய கடுங்காப்பியைக் குடித்த பால் கம்மி ஆசாமி ஒரு கிழவருக்குக் கண் பார்த்து லென்ஸ் மாற்றிக் கொடுத்தார், கிழவருக்குப் பேப்பரில் பொடி எழுத்தும் தெரிந்தது. பெரியப்பா வீட்டில் துணி மடித்தார். பஸ்ஸில் யாரும் எதுவும் கேட்கவில்லை. மார்க்கெட் நிறுத்தத்தில் கூடையோடு ஏறிய ஒரு அம்மாள் மட்டும், டிரைவர் இன்றைக்குப் பிரேக்கை மெதுவாகப் போடுகிறார், இடுப்புக்கு நல்லது என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொல்லிக்கொண்டு வந்தாள்.