கிழவரின் வேகம்

சோதனை இசைத்தட்டு வந்து சேர்ந்தும் கடைக்காரன் பொட்டலத்தைப் பிரிக்காமல் மேசைமேல் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தான். தட்டு அடிக்கும் ஆலையிலிருந்து முதலில் இப்படி ஒன்றிரண்டு தட்டுகள்தான் வரும். கேட்டுவிட்டுச் சரி என்று சொன்னால் மீதியை அடிப்பார்கள். புதுத் தட்டுகளையும் பழையவற்றின் மறுபதிப்புகளையும் விற்றே இத்தனை காலம் ஓட்டியவன் அவன். தானே ஒன்றை மறுபதிப்பாகக் கொண்டுவருவது இதுதான் முதல் தடவை.

கடை மாடியில் இருந்தது. கீழே போல்ட்டு, நட்டு விற்கும் கடை. ஒரு ஆள் மட்டுமே ஏறக்கூடிய படியேறி வந்தால் இடுப்பளவு உயரத்தில் பெட்டி பெட்டியாக இசைத்தட்டுகள். எல்லாமே மின்னணுக் கருவிகளில் செய்த நடன இசை. வானொலிப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காதது. கொஞ்சமாக அடித்து, பித்துப்பிடித்த சிலபேர் தங்களுக்குள்ளேயே வாங்கி விற்றுக்கொள்வது. சொந்தக்காரர்கள் என்ன கடை என்று கேட்டால் பாட்டுக் கடை என்பான். யார் பாடினது என்பார்கள். யாரும் பாடவில்லை என்பான். அதோடு பேச்சு நின்றுவிடும். அந்த நிற்கும் இடம் அவனுக்குப் பிடிக்கும்.

மறுபதிப்பாக வரவிருந்த தட்டில் ஒரு குரல் இருந்தது. அதுதான் அதன் பெருமையே.

வேலைவெட்டி இல்லாத வயதில் யாரோ கழித்துப்போட்ட பெட்டியிலிருந்து அதை எடுத்தான். நடுவில் வெறும் வெள்ளைத்தாள். அதில் ரப்பர் முத்திரையால் குத்திய 'கதவு மூடுகிறது' என்ற இரண்டு வார்த்தைகள். செய்தவர் பெயரில்லை. எந்த வேகத்தில் சுழலவிட வேண்டும், நிமிடத்துக்கு முப்பத்துமூன்று சுற்றா நாற்பத்தைந்தா என்பதும் இல்லை. அப்போது அவனிடம் இருந்த பிளேயரில் வேகம் மாற்றும் நெம்புகோல் முப்பத்துமூன்றிலேயே இறுகிப்போயிருந்தது. அதில் போட்டான். தண்ணீருக்குள் யாரோ நடப்பதுபோல் மத்தளம் விழுந்தது. பாதியில் ஒரு கிழவரின் குரல், களைத்து, எதையோ ஒரே ஒருமுறை சொல்லிவிட்டுப் போனது. என்ன வார்த்தை என்று பிடிபடவில்லை. ஆனால் நெஞ்சில் கல்லை வைத்ததுபோல் இருந்தது. அவன் எழுந்துபோய் ஊசியை மறுபடி முதலிலிருந்து வைத்தான். அப்படி எத்தனை தடவை எழுந்தான் என்று அவனுக்கே தெரியாது.

பதிவு செய்து நண்பர்களுக்குக் கொடுத்தான். டிஜே நண்பர்கள் அதை அந்த வேகத்திலேயே போட்டார்கள். அதைக் கேட்டவர்களும் அந்த வேகத்தில்தான் தேடினார்கள். தட்டுக்கே கிழவர் என்று பெயர் விழுந்துவிட்டது. கிழவர் யார் என்று ஆளுக்கொரு கதை கட்டினார்கள். காவல்காரர் என்றார்கள், கப்பலில் வேலை பார்த்தவர் என்றார்கள். ஒருமுறை எவனோ குறும்புக்கு நாற்பத்தைந்தில் போட்டான். குரல் அணில் கத்துவதுபோல் கீச்சிட்டது. கூடியிருந்தவர்கள் எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். சிரித்துச் சிரித்துக் கடைக்காரனுக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

செய்தவரைக் கண்டுபிடிக்க வருடக்கணக்காக அலைந்தான். கடைசியில் பழைய இசைக்கருவி விற்கும் ஒருவர் சொன்னார். லிஃப்ட் பழுது பார்க்கும் ஒரு பெண்மணி முன்பு தன்னிடம் ஒரு டிரம் மெஷினை விற்றதாகவும், அதன் பெட்டிக்குள் அந்த முத்திரை கிடந்ததாகவும். தேடிப் போனான். அவனைவிட ஏழெட்டு வயது மூத்தவள். சாம்பல் நிறச் சீருடை, இடுப்பில் கருவிப் பை. ஆமாம், நான் செய்ததுதான், அதெல்லாம் இன்னுமா சுற்றுகிறது என்று ஆச்சரியப்பட்டாள். அவளிடம் தட்டும் இல்லை, பதிவு நாடாவும் இல்லை. வீடு மாறியதில் போனது போனதுதான். தன்னிடமிருக்கும் தட்டிலிருந்தே எடுத்துக்கொள்கிறேன் என்றான். செய்தபடியே இருக்க வேண்டும், அவ்வளவுதான் என்றாள். ஒரு முடிகூட மாறாது அக்கா என்று வாக்குக் கொடுத்தான்.

குரலைப் பற்றியும் அன்றே கேட்டான். அவள் முகம் ஒருமாதிரியாகி, அதைப் போய்க் கேட்டுக்கொண்டு என்று வேலைப் பக்கம் திரும்பிக்கொண்டாள். இறந்துபோன அப்பாவாக இருக்கும் என்று அவன் தானாகவே முடிவுகட்டினான். பிறருடைய துக்கத்தைத் தோண்டுகிறவன் அல்ல. அத்தோடு வாயை மூடிக்கொண்டதைப் பண்பு என்று வேறு நினைத்துக்கொண்டான்.

மதிய இடைவேளையில் அக்கா படியேறி வந்தாள். அவளுக்காகத்தான் பொட்டலம் காத்திருந்தது. நாற்காலியைத் துடைத்துப் போட்டான். அவள் உட்காரவில்லை, பெட்டிமேல் சாய்ந்து நின்றாள். ஊசியை வைத்தான்.

மத்தளம் வந்தது. ஆலைக்காரர்கள் நன்றாகத்தான் செய்திருந்தார்கள். கரகரப்பு போய், அடிநாதம் தரையில் இறங்கியது. அவள் பேசவில்லை. அவனுக்கு அந்த மௌனம் பெருமையாக இருந்தது. கிழவர் வந்தார், சொன்னார், போனார்.

"யாருப்பா இது?" என்றாள் அக்கா.

விளையாடுகிறாள் என்று நினைத்தான்.

"பாட்டு என்னோடதுதான். ஆனா ஏன் இப்படி இழுக்குது? கயிறு தளர்ந்த லிஃப்ட் மாதிரி. மோட்டார் போயிடுச்சா?"

மோட்டார் சரியாகத்தான் இருக்கிறது என்று அவன் சொல்லி முடிப்பதற்குள் அவள் தட்டு சுழலும் டர்ன்டேபிள் அருகில் வந்துவிட்டாள். ஒரு கணம் குனிந்து பார்த்தாள். வாழ்நாளெல்லாம் பொத்தான்களோடு பழகிய விரல், தயங்காமல் நாற்பத்தைந்தை அழுத்தியது. ஊசியை எடுத்து முதலில் வைத்தாள்.

மத்தளம் துள்ளி ஓடியது. கடையே சின்னதாகிவிட்டதுபோல் இருந்தது. பாதியில் ஒரு பெண்பிள்ளை, மூச்சு வாங்கச் சிரித்துக்கொண்டே, "இரும்மா, இதோ வந்துட்டேன்" என்று கதவுக்கு அந்தப் பக்கம் யாருக்கோ சொன்னாள்.

அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். பாட்டு முடிந்து ஊசி வெறுமனே சுற்றும் வரைக்கும் கையை எடுக்கவில்லை.

"சாப்பிடக் கூப்பிட்டாங்க எங்கம்மா. மைக் ஓடிட்டிருந்தது. அதை வெட்டணும்னு தோணல" என்றாள் பிறகு. "வெக்கமா இருந்துச்சு, அதான் அன்னைக்கு நீ கேட்டப்போ சொல்லல."

அவன் கிழவரைப் பற்றிச் சொன்னான். இறுகிப்போன நெம்புகோலைச் சொன்னான். எத்தனைபேர் அந்தக் குரலுக்காகவே காத்திருக்கிறார்கள் என்று சொன்னான். அணிலை மட்டும் சொல்லவில்லை. சொல்லச் சொல்ல அவள் முகத்தில் சிரிப்பு வடிந்துகொண்டே போனது.

"அப்ப இத்தனை வருஷமா நீங்க எல்லாரும் கொண்டாடினது இல்லாத ஒரு ஆளை. நான் அதுல எங்கயுமே இல்ல."

அப்படி இல்லை அக்கா என்றான். 

அவள் கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். தட்டை மாற்ற வேண்டாம், தட்டு சரிதான், நடுவில் ஒட்டும் தாளில் நாற்பத்தைந்து என்று போடச் சொல் என்றாள். போடாவிட்டால் இந்த வேலையே வேண்டாம், எனக்கு விருப்பமில்லை என்று ஆலைக்கு நானே சொல்லிவிடுவேன் என்றாள். குரலை உயர்த்தவில்லை. அதுதான் அவனைப் படுத்தியது.

அந்த வாரம் அவன் யாரிடமும் சரியாகப் பேசவில்லை. எந்தத் தட்டைப் போட்டாலும் பாதியில் ஊசியை எடுத்தான். வாங்க வந்த ஒருவரிடம், கேட்டுத்தான் ஆகணுமா என்று எரிந்துவிழுந்தான். வீட்டில் மனைவி, ஒரு எண்ணுக்காக எதற்கு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிய வேண்டும் என்று கேட்டாள். அவள் மருந்துக் கடையில் வேலை பார்ப்பவள். எண் தப்பினால் என்ன ஆகும் என்பது அவளுக்கு நாள்தோறும் பாடம்.

"அவங்க சாமான், அவங்க சொல்றதுதானே கணக்கு?" என்றாள்.

"நான் கேட்டது அது இல்லையே. நான் கேட்டது மெதுவா இருக்கறது."

"அப்ப உனக்குப் பிடிச்சது பாட்டு இல்ல. உடைஞ்ச பிளேயரு."

அதற்குமேல் அவன் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தானே தவிரச் சாப்பிடவில்லை.

டிஜே நண்பன் ஒருவனுக்கு ஆமை என்று பட்டப்பெயர். எதையும் மெதுவாகவே போடுவான். அவன் தொலைபேசியில் பொங்கினான். முன்பதிவு செய்தவர்கள் எல்லாரும் கிழவருக்காகத்தான் செய்திருக்கிறார்கள், நாற்பத்தைந்து என்று போட்டால் பெட்டியோடு திருப்பி அனுப்புவார்கள் என்றான். "கிழவரைக் கொன்னுட்டியேடா" என்று கடைசியில் சொன்னபோது அதில் கேலி இருந்ததா என்று தெரியவில்லை. யார் யாரைக் கொன்றது என்று கடைக்காரனுக்கும் தெரியவில்லை. ஆலையிலிருந்து நடுவில் ஒட்டும் தாள் என்ன ஆயிற்று என்று நச்சரித்தார்கள். இழுத்தடித்தால் இவன் முறை வேறொருவருக்குக் கைமாறிவிடும், பிறகு எப்போது கிடைக்கும் என்று சொல்ல முடியாதாம்.

யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தான். எண்ணே வேண்டாம். பழைய தட்டில் இருந்ததுபோலவே வெள்ளைத்தாள், இரண்டு வார்த்தை, அவ்வளவுதான். செய்தபடியே இருக்க வேண்டும் என்று அவள்தானே கேட்டாள். இதைவிட நேர்மையாக ஒன்று உண்டா? இப்படித் தனக்குத்தானே வாதாடிக்கொண்டு அவள் வேலை செய்யும் இடத்துக்குப் போனான்.

ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பு. மூன்றாம் தளத்தில் லிஃப்ட் கதவைப் பிளந்து வைத்திருந்தார்கள். கூண்டு பாதி இறங்கி நின்றிருந்தது. அதன் கூரைமேல் அக்கா மண்டியிட்டு எதையோ முடுக்கிக்கொண்டிருந்தாள். அவள் முகம் இவன் முட்டி உயரத்தில் இருந்தது. பேசுவதற்காக அவன் நடைபாதையில் குந்தி உட்கார்ந்தான். மளிகைப் பையோடு வந்த ஒருவர், இன்னும் எவ்வளவு நேரம் ஆகும் என்று இவனையே கேட்டார். எனக்குத் தெரியாது என்றான். பின்னே எதற்கு உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று முணுமுணுத்தபடி அவர் படியேறிப் போனார்.

அவன் தன் வழியைச் சொன்னான். முடுக்கும் சத்தம் நிற்கவில்லை. சொல்லி முடித்த பிறகும் கொஞ்ச நேரம் நிற்கவில்லை. பிறகு நின்றது.

"தம்பி, அன்னைக்கு நம்பர் போட மறந்தது நான்தான். முத்திரைல இடம் பத்தல. தெரிஞ்சவங்களுக்குத்தானே குடுக்கறோம், அவங்களுக்குத் தெரியாதான்னு விட்டுட்டேன். அதுல நான் கிழவனாயிட்டேன். மறுபடியும் அதே பண்ணச் சொல்றியா?"

 கம்பிவடத்தில் எங்கோ மேலே காற்று உரசியது.

"போட்டாலும் மெதுவாத்தான் போடுவாங்க அக்கா" என்றான் ஒருவழியாக. "பொத்தானை நாம தடுக்க முடியாது."

"தெரியும். போடட்டும். தப்பா போடறோம்னு தெரிஞ்சு போடட்டும்."

அவள் மறுபடி திருகுசாவியைக் கையில் எடுத்தாள். இவன் எழுந்தபோது கால் மரத்துப்போயிருந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவள் சொன்னதில் ஓட்டை எங்கே என்று படியிறங்கி முடியும்வரை தேடினான். கிடைக்காததுதான் ஆத்திரமாக இருந்தது.

அன்றே ஆலைக்கு எழுதினான். நாற்பத்தைந்து. கூடவே அவளுடைய பெயரும். பெயரைப் போடச் சொல்லி அவள் கேட்கவில்லை, அவனாகப் போட்டான்.

தட்டுகள் வந்தன. ஆமை சொன்னபடி கொஞ்சம் திரும்பின. பலர் வைத்துக்கொண்டார்கள். இதுவும் நன்றாகத்தான் இருக்கிறது என்று சிலர் சொன்னதைக் கேட்டு அவனுக்குச் சந்தோஷம் வரவில்லை. கிழவரைத்தான் போடுவேன், நீ யார் கேட்க என்று ஆமை மட்டும் அடம்பிடித்தான்.

அக்கா ஒருநாள் தன் பிரதியை வாங்கிக்கொள்ள வந்தாள். கேட்கலாமா என்றாள். நாற்பத்தைந்தில் போட்டான். அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். கனத்த வேலைச் செருப்பு தரையில் தாளம் தட்டியது. அந்தப் பெண்பிள்ளை வந்து, இரும்மா என்றபோது, அக்காவின் உதடும் கூடவே அசைந்தது.

"எப்படி இருக்கு?" என்றாள்.

பொய் சொல்லலாமா என்று பார்த்தான். வரவில்லை.

"வேகமா இருக்கு" என்றான்.

"வேகமாத்தான் இருக்கும். அப்ப பசி எனக்கு" என்று சிரித்துவிட்டு, தட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு படியிறங்கினாள்.

அவள் போனதும் கதவைச் சாத்தினான். பழைய தட்டை, தன்னுடைய வெள்ளைத்தாள் தட்டை, உறையிலிருந்து எடுத்தான். முப்பத்துமூன்றை அழுத்தி ஊசியை வைத்தான். தண்ணீருக்குள் நடப்பதுபோல் மத்தளம் விழுந்தது. அவன் காத்திருந்தான். பாதியில் குரல் வந்தது. களைத்த குரல்தான், ஒரே ஒருமுறைதான். ஆனால் வார்த்தை இப்போது தெளிவாகப் புரிந்தது. யாரோ ஒரு பெண்ணைப் பிடித்து வைத்துக்கொண்டு மெதுவாகப் பேசச் சொன்னதுபோல் இருந்தது.

எழுந்துபோய் ஊசியை மறுபடி முதலிலிருந்து வைத்தான். அப்போதும் அவள்தான் வந்தாள்.