நேர்கோட்டின் மேல் சந்தேகம்

சோதனை அறைச் சுவரெல்லாம் ரேடியோ அலையை விழுங்கும் கூம்புப் பஞ்சு. ஒரு சுவரில் மட்டும் வரிசை வரிசையாக ஆன்டெனாக்கள். அவை சேர்ந்து அனுப்பும் அலை, அறை நடுவில் எங்கே அளந்தாலும் ஏறக்குறைய ஒரே பலத்தில் இருக்க வேண்டும். அப்போதுதான் அங்கே வைத்துச் சோதிக்கும் கருவியை நம்பலாம். வரிசையை வடிவமைத்தவள் இயக்குநரின் மச்சினி. 'அக்கா புருஷன் போட்ட வேலை' என்று கேன்டீனில் பேச்சு. மதியம் வரப்போகும் பரிசோதகர் சரியென்றால்தான் அந்த வாய்கள் அடங்கும்.

காலை அளவீட்டின் வரைபடம் சுத்தமான நேர்கோடு. இயக்குநர் அதற்குக் கண்ணாடிச் சட்டமே போட்டுவிட்டார்.

"ஸ்கேல் வச்சுப் போட்ட மாதிரி இருக்கு பாரு. எல்லாம் என் வழிகாட்டல்."

"அதான் அத்தான், இடிக்குது. எதுவும் இவ்வளவு நேரா வராது."

"ஆபீஸ்ல சார்னு சொல்லு. உங்க வீட்டு ரத்தமே சந்தேகம். நான் சீக்கிரம் வந்தாக்கூட உங்கக்கா ஏன்னு கேப்பா."

"அக்கா கேட்டு இதுவரைக்கும் தப்பானதில்லயே, சார்."

டெக்னீஷியன், கேட்பதற்கு முன்பே, "நான் எதுலயும் கை வைக்கலங்க" என்றார். அவளுக்குச் சந்தேகம் கூடியது. உள்ளே போய்ப் பார்த்தாள். தண்டவாளத்தில் இடமும் வலமும் ஓடி அளக்க வேண்டிய ஆன்டெனா, பொத்தானை அழுத்தியும் இடித்த புளி மாதிரி இருந்தது. பூட்டு போட்டிருந்தது.

"நேத்து சார் அதுமேல சாஞ்சு போட்டோ எடுத்தாருங்க. சறுக்கிட்டா மானம் போயிடும்னு பூட்டச் சொன்னாரு" என்றார் டெக்னீஷியன்.

ஒரே இடத்தை நூறு தடவை அளந்தால் கோடு ஏன் வளையும்?

பூட்டைக் கழற்றி மறுபடி அளந்தாள். கோட்டின் வலது ஓரத்தில் பெரிய மேடு. தன் கணக்கைச் சந்தேகித்தாள். பிறகு, பழக்கத்தால், அத்தானை. அறையின் அந்த மூலையில் இயக்குநரின் சுழல்நாற்காலி, அலையைத் திருப்பியடிக்கும் பளபள இரும்புக் காலோடு நின்றது. இரண்டாவது போட்டோவுக்கு வந்ததாம். அதை வெளியே தள்ளிவிட்டு அளந்தாள். சின்னச் சின்ன நெளிவுகள், எல்லாம் வரம்புக்குள்.

"இது கோணலா இருக்கே" என்றார் இயக்குநர். "நேரானதையே காட்டுவோம்."

பரிசோதகர் சட்டம் போட்ட கோட்டை வெகுநேரம் பார்த்தார்.

"அளக்கும்போது ஆன்டெனா நகர்ந்துச்சா?"

"பாறை மாதிரிங்க. இம்மி அசையல" என்றார் இயக்குநர், பெருமையாக.

அவள் நெளிகோட்டை நீட்டினாள். அவர் ஒவ்வொரு நெளிவாக விரல் வைத்துப் பார்த்தார்.

"இதுதான் சரி. யார் டிசைன்?"

"என் மச்சினி" என்றார் இயக்குநர், முந்திக்கொண்டு.

"ஆபீஸ்ல இன்ஜினியர், சார்" என்றாள் அவள்.