சுழியத்துக்கு முன் அரை மணி நேரம்

அந்த மருத்துவமனையின் புள்ளிவிவரப் பிரிவு என்பது ஓர் அறை, ஒரு மடிக்கணினி, ஓர் ஆள். அறையில் முன்பு உடைந்த சக்கர நாற்காலிகளைப் போட்டு வைத்திருந்தார்கள். பிரிவு தொடங்கியபோது நாற்காலிகளை அகற்றச் சொல்லி உத்தரவு வரவில்லை; ஆள் மட்டும் வந்துவிட்டான். அவனுடைய பெயரைக் கேட்டுக்கொள்ள யாருக்கும் நேரமில்லாததால் 'புள்ளி' என்று கூப்பிட்டார்கள். எலி வளையானாலும் தனி வளை என்று அவனும் பதினோரு நாற்காலிகளுக்கு நடுவே உட்கார்ந்துகொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் புள்ளிக்கு இருப்புக்கொள்ளவில்லை. திங்கள் காலை மேனேஜரின் மேசையில் ஒரு வரைபடம் இருக்க வேண்டும். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ஒப்பந்தத்தில் வேலை செய்பவர்கள் இருவர். காலையில் இருப்பவரை ஊரே 'ஆமை' என்கிறது. மதியத்துக்கு மேல் இருப்பவள் புள்ளியின் சொந்த அக்கா. இருவரில் ஒருவர் போதும் என்று மேனேஜர் முடிவெடுத்துவிட்டார். யாருக்கு வேகம் அதிகமோ அவர்தான்; அதைப் படம் சொல்லும்.

"சார், அதுல ஒருத்தி என் அக்கா. வேற யாராவது போட்டா நல்லது" என்று புள்ளி வெள்ளிக்கிழமையே சொல்லிப் பார்த்தான்.

"உன் பிரிவுல வேற யாருப்பா இருக்கா?"

புள்ளி நாற்காலிகளை நினைத்துப் பார்த்தான். ஒன்றும் சரிப்படவில்லை.

"அப்புறம், ஆளுக்கு ஒரே ஒரு மேடு போதும். போன தடவை ஒட்டகம் மாதிரி போட்டுக் குடுத்துட்டே. மீட்டிங்ல ஒருத்தர், இதுல தலை எந்தப் பக்கம்னு கேட்டுட்டார்."

ரத்தம் எடுத்த சோதனைக் குழாய் உள்ளே வந்ததும் அதன் பார்கோடில் ஒரு ஸ்கேன், முடிவு தயாரானதும் ஒரு ஸ்கேன். இடையில் எத்தனை நிமிடம் என்பதுதான் கணக்கு. மூன்று மாதத்தில் ஆறாயிரம் குழாய்கள். ஆர் நிரல்மொழியில் density என்று தட்டினால், ஒவ்வொரு குழாய்க்கும் அதன் நிமிடத்தின் மேல் ஒரு சிறிய மணல் குவியலைக் கொட்டி, எல்லாக் குவியல்களையும் கூட்டி ஒரு வளைகோடாகத் தந்துவிடும். குவியல் எவ்வளவு அகலமாகப் பரவ வேண்டும் என்பதை adjust என்ற எண் முடிவு செய்கிறது. எண்ணைக் கூட்டினால் மேடுபள்ளமெல்லாம் கரைந்து வழவழவென்று ஒரே குன்று. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதைப் பற்றிப் புள்ளி கேள்விப்பட்டிருக்கிறான். அதை ஒரே வரியில் செய்யலாம் என்பது கல்லூரியில்தான் தெரிந்தது.

ஐந்து என்று வைத்தான். அழகான இரண்டு குன்றுகள். ஆமையின் உச்சி நாற்பத்தைந்து நிமிடத்தில். அக்காவின் உச்சி பதின்மூன்றில். மேனேஜர் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டுவார்.

ஒரு சின்னச் சங்கடம். அக்காவின் வளைகோடு சுழியத்தில் நிற்காமல் இடப்பக்கம் மைனஸ் முப்பது வரை வழிந்திருந்தது. அதாவது, சிலருடைய ரத்தம் வருவதற்கு அரை மணி நேரம் முன்பே அக்கா முடிவைச் சொல்லியிருந்தாள். இதெல்லாம் சகஜம். from = 0 என்று எழுதி வெட்டிவிட்டால் தீர்ந்தது, எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள். புள்ளியும் எழுதினான். பிறகு எழுந்து நடந்தான். உட்கார்ந்தான். மறுபடி எழுந்தான். ஆமையின் குன்று சுழியம் என்ற சுவர்ப்பக்கமே போகவில்லையே. சுவரைத் தாண்டி மணல் வழிகிறதென்றால், சுவரை ஒட்டியே நிறையக் கொட்டியிருக்கிறது என்றுதானே அர்த்தம்?

எண்ணை 0.2 ஆக்கினான். குன்று பிளந்தது. இருபத்தைந்து நிமிடத்தில் ஒரு மேடு; சுழியத்தை ஒட்டி, ஒரு நிமிடம் இரண்டு நிமிடத்தில், ஈட்டி போல ஒரு கொம்பு. பதின்மூன்றில் ஒரு குழாய்கூட இல்லை.

மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு பரிசோதனைக் கூடத்துக்கு ஓடினான். அக்கா குழாய்களைத் தாங்கியில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"என்னடா, படம் வந்துச்சா?"

"வந்துச்சு. ஆமை நாப்பத்தஞ்சு. நீ பதிமூணு."

"அப்போ நான்தான்!" அக்கா கையுறையோடு கை தட்டினாள். "அனுப்பிடு. ஏன் மூஞ்சி இப்படி இருக்கு?"

"இந்த மெஷின் ஒரு குழாய்க்கு எவ்வளவு நேரம் எடுத்துக்கும்?"

"பதினெட்டு நிமிஷம். அதுக்குக் கம்மியா..." அக்கா நிறுத்திக்கொண்டாள்.

தொலைபேசி அடித்தது. ஏதோ ஒரு வார்டுக்கு முடிவைப் படித்துச் சொல்லிவிட்டு வைத்தாள்.

"உன்னை யாருடா நோண்டச் சொன்னா?"

"நோண்டறதுக்குத்தான்க்கா சம்பளம்."

"கேட்டுக்கோ. காலையில ஜன்னல்ல ஒரு பொண்ணு உக்காந்துருக்கு. குழாய் வந்த உடனே ஸ்கேன் பண்ணிடுது. ஆமை அதை எடுத்து மெஷின்ல வைக்கறதுக்குள்ள அரை மணி ஓடிடுது. சாயங்காலம் ஜன்னலும் நான், போனும் நான், ஊசியும் நான். கூட்டம் இல்லேன்னா ஒழுங்கா பண்ணுவேன். கூட்டம்னா டெஸ்ட்டை முடிச்சுட்டு, உள்ள வந்தது வெளிய போனது ரெண்டையும் சேர்த்து டிக்டிக்னு அடிச்சுடுவேன். ஒரு ரிசல்ட்டும் தப்பாப் போனதில்ல, தெரியுமா?"

"தெரியும். நேரம் மட்டும்தான் தப்பு. இதுல ஒரு நம்பரைக் குறைச்சதும் உன் குன்று ரெண்டாப் பிளந்துடுச்சு."

"அந்த நம்பரை எவ்வளவு வச்சா நான் நல்லவளாத் தெரிவேன்?"

"அஞ்சு."

"வச்சுடேன்டா."

"வச்சுத்தான் இருக்கேன். சுழியத்துக்கு முன்னால வழிஞ்சதையும் ஒரு வரி போட்டு வெட்டிட்டேன்." புள்ளி குளிர்பெட்டிக்கும் கதவுக்கும் இடையே நடந்தான். "ஆனா ஜெயிச்சா ஆமையோட குழாயும் உனக்குத்தான். 'பதிமூணே நிமிஷத்தில் ரிசல்ட்'னு ஜன்னல்ல ஒட்டப் போறார் மேனேஜர். ஒரு நாளைக்கு அறுபத்தாறு குழாய். ஜன்னல், போன், ஊசி எல்லாம் இலவச இணைப்பு."

அக்கா முக்காலியில் உட்கார்ந்தாள். கையுறையைக் கழற்றினாள். மறுபடி மாட்டிக்கொண்டாள்.

"பொய் நேரம் போட்டேன்னு என்னை வெளிய தள்ளிட்டா?"

"தள்ளலாம்."

"கொஞ்சமாவது ஆறுதலாப் பேசுடா, சனியனே."

"தள்ளாமலும் இருக்கலாம்."

அக்கா மடிக்கணினியைத் தன் பக்கம் திருப்பி, அவன் காட்டிய இடத்தில் ஐந்தை அழித்தாள். ஒன்று போட்டுப் பார்த்தாள். மூன்று போட்டாள். 0.2 போட்டு, கொம்பை வெகுநேரம் பார்த்தாள்.

"இதுதான் நானா? இவ்வளவு கூரா?"

"கூட்ட நேரத்து நீ."

"அந்த சுழியத்துல வெட்டற வரியையும் எடுத்துடு. கீழ எழுது, பெரிய எழுத்துல: சாயங்காலம் ஜன்னலில் ஆள் கிடையாது, குழாய் வந்த நேரத்தை யாரும் குறிப்பதில்லை."

"யார் சொன்னதுன்னு போட?"

"ஆமைன்னா போடுவே? என்னைப் போடு."

புள்ளி எழுதினான். அனுப்பும் பொத்தானில் அவன் விரல் தயங்க, அக்கா அந்த விரலின் மேலேயே ஒரு குத்து விட்டாள். படம் போய்விட்டது.

ஜன்னலுக்கு வெளியே அதற்குள் நான்கு பேர் நின்றிருந்தார்கள். தொலைபேசியும் அடித்தது. அக்கா முதல் குழாயை வாங்கி ஸ்கேன் செய்தாள். திரையில் நிமிடங்கள் ஓடத் தொடங்கின.

"பாத்துட்டு நிக்கறியே, போனை எடுடா!" என்றாள்.