இன்னொரு கோல்

மாநாட்டு மையத்தின் இரண்டாம் தளத்தில் லிஃப்ட் கதவு திறந்தபோது அண்ணனும் தங்கையும் பந்தயத்தைப் பேசி முடித்திருந்தார்கள். லிஃப்டிலிருந்து அரங்கு வாசல்வரை அவள் தனியாக நடந்து வர வேண்டும். வந்துவிட்டால் அண்ணன் சாயங்கால ரயிலில் ஊர் திரும்புவான். அவள் இங்கேயே தங்கி, இதே மையத்தின் தொலைபேசிப் பிரிவில் கிடைத்திருக்கும் வேலையில் சேரலாம். வராவிட்டால் அவனோடு ரயிலேற வேண்டும். பிறந்ததிலிருந்தே அவளுக்குப் பார்வை இல்லை.

"எதுலயாவது முட்டிக்கிட்டு நெத்தி வீங்கி வந்தா அம்மாகிட்ட என்னடி சொல்றது?"

"சுவருக்குத்தான் வீங்கிச்சுன்னு சொல்லு."

லிஃப்ட் வாசலில் காத்திருந்த வரவேற்புக் குழுப் பெண் சிரித்துவிட்டாள். மாற்றுத்திறனாளிகளுக்கான வசதிகளைப் பற்றிய மாநாடு அது; தங்கை அதில் பேச அழைக்கப்பட்டிருந்தாள். "உங்களுக்காகவே தரையில மஞ்சள் பட்டை பதிச்சிருக்கோம் மேடம். நேரா அரங்குக்குப் போகும். பார்வையில்லாதவங்கள்ல நீங்கதான் முதல்ல வந்திருக்கீங்க. மத்தவங்க மதியம்தான் வர்றாங்க." சொல்லிவிட்டு அண்ணனை அழைத்துக்கொண்டு முன்னே போனாள்.

காலடிச் சத்தங்கள் அடங்கியதும் தங்கை தன் வெள்ளைக் கோலைத் தரையில் வைத்தாள். நீளக் கோடு புடைத்த ஓடு என்றால் நடக்கலாம். புள்ளி புடைத்த ஓடு என்றால் நிற்க வேண்டும். கோடுகள் நன்றாகவே பதிந்திருந்தன. செருப்புக்கு அடியிலும் அவற்றை உணர முடிந்தது.

திடீரென்று கோடுகள் மறைந்தன. கோல் மெத்தென்று எதிலோ புதைந்தது. புகைப்படத்தில் மஞ்சள் பட்டை உறுத்தும் என்று அலங்காரக்காரர்கள் அன்று காலைதான் தாழ்வாரம் முழுக்கக் கம்பளம் விரித்திருந்தார்கள். இதைப் பிறகுதான் அவளுக்குச் சொன்னார்கள்.

அப்போதுதான் முன்னால் அந்தச் சத்தம் கேட்டது. டக், டக். வெள்ளைக் கோலின் சத்தம். அவள் நெஞ்சு குளிர்ந்தது. யாரோ ஒருவர் சீக்கிரமே வந்துவிட்டார்; அவருக்கு வழி தெரிந்திருக்கிறது. கையைப் பிடித்தால்தானே பந்தயம் தோற்கும்? சத்தத்தின் பின்னால் நடந்தாள்.

"சார்... மேடம்... அரங்குக்கா போறீங்க?"

பதில் இல்லை. அவள் நின்றால் அதுவும் நின்றது. கொஞ்சம் நடந்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது: தன் கோல் கம்பளத்தில் சத்தமே எழுப்பவில்லை. அது மட்டும் எப்படிக் கல்லில் தட்டுவதுபோல் கணீரென்று கேட்கிறது?

முகத்தில் குளிர்ந்த காற்று பட்டது. கிரீஸ் வாடை அடித்தது. கோலை நீட்டினாள். கம்பளம் முடிந்தது, ஓர் இரும்பு விளிம்பு தட்டுப்பட்டது, அதற்கப்பால் கோல் எதிலும் படவில்லை. குனிந்து, மணிக்கட்டு விளிம்புக்குக் கீழே இறங்கும்வரை தாழ்த்தியும் படவில்லை.

அந்த வெறுமையின் மேல், அவள் நின்ற மட்டத்திலேயே, டக், டக் என்று இன்னொரு கோல் நடந்து போனது. சற்று தூரம் போய் நின்றது. அவளுக்காகக் காத்திருந்தது.

அவள் பின்னோக்கிக் கால் வைத்து நகர்ந்தாள். முதுகு சுவரில் இடித்தது. தொலைவில் யாரோ மைக்கைத் தட்டிச் சரிபார்க்கும் சத்தம் கேட்டது. சுவரை விடாமல் அந்தப் பக்கமே நடந்து அரங்கு வாசலுக்கு வந்து சேர்ந்தாள்.

"வந்துட்டியேடி கழுதை!" என்றான் அண்ணன். "சரி, தோத்துட்டேன். அம்மா என் தோலை உரிக்கப் போறாங்க."

அவள் சிரிக்க வாய் திறந்தாள். அதற்குள் தாழ்வாரத்தில் மறுபடி டக், டக். லிஃப்ட் பக்கமிருந்து புறப்பட்டு அந்தக் குழியை நோக்கிப் போனது. அதுவாகவே இருக்கலாம். சீக்கிரம் வந்துவிட்ட யாரோ ஒரு மனிதராகவும் இருக்கலாம். குழி வரை போனதைச் சொன்னால் அண்ணன் இங்கே விட்டுப் போக மாட்டான்; வேலை போச்சு.

"நில்லுங்க! அங்க தரை இல்ல!" என்று கத்தினாள். "அண்ணா, ஓடு! தாழ்வாரத்துக் கோடியில குழி. நான் விழ இருந்தேன்."

அவன் ஓடினான். அங்கே யாரும் இல்லை. சரக்கு லிஃப்டின் கதவு மட்டும் திறந்து கிடந்தது. பழுது பார்க்க வந்தவர்கள் அப்படியே விட்டுவிட்டு டீ குடிக்கப் போயிருந்தார்கள். அவன் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, அவர்கள் வந்து கதவை மூடும்வரை குழிக்கு முன்னால் காவல் உட்கார்ந்தான்.

அவள் மேடையில் பேசிவிட்டு இறங்கியபோது வாசலில் நின்றிருந்தான். அவளுடைய பையை அவளிடமே கொடுத்தான்.

"நான் மட்டும் கிளம்பறேன்."

"குழி வரைக்கும் போயிட்டேனே, அண்ணா. கோவம் இல்லையா?"

"அங்க உட்கார்ந்திருந்தப்ப குழிக்குள்ள யாரோ டக், டக்குன்னு தட்டினாங்க. யாருன்னு பாக்கலாம்னு எந்திரிச்சேன். கம்பளம் முடிஞ்சு இரும்பு கால்ல பட்டப்பதான் நின்னேன். நாற்காலி எங்கேயோ பின்னாடி கிடக்கு. எனக்குக் கண்ணு இருக்குடி. குழி தெரியுது. ஆனாலும் நடந்திருக்கேன்."

அவள் அவன் கையைத் தேடிப் பிடித்தாள்.

"நீ நின்னுட்டு வந்தியே, அது போதும். சமாளிச்சுக்குவ," என்றான். பிறகு குரலைத் தாழ்த்தினான். "இந்த மாடியில வேலை இல்லையே?"

"இந்த மாடிதான்," என்றாள் அவள்.