கோகிலவாணியின் இரண்டாவது காயில்

கோகிலவாணிக்குக் கோபம் மூக்கு நுனியிலேயே குடியிருக்கும். கள்ளக்குறிச்சி மெல்லிசைக் குழுவில் அது எல்லோருக்கும் தெரியும். அவள் முகம் சிவந்திருக்கும் நாளில் குழுத் தலைவர் செல்லமுத்துவே ஒரு டீ வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் பேச்சை ஆரம்பிப்பார். அந்தத் திங்கட்கிழமையும் டீ வந்தது. டீக்குப் பின்னால் பேச்சும் வந்தது.

"போன தபா சங்கராபுரத்துல உன் கிட்டாரு ம்ம்ம்னு உறுமிக்கினே இருந்துச்சும்மா. ஜனங்க ஜெனரேட்டருன்னு நெனச்சிக்கிச்சு. சனிக்கெழம கரியாலூர் கோடை விழாவுலயும் அப்டி உறுமுச்சுன்னா, இனிமே குழுவுல கிட்டாரே வேணாம். கீபோர்டுலயே கிட்டாரு சத்தம் இருக்குது."

அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. பயம்தான் வந்தது. ஆறு வருடம் அடுத்தவர் பாட்டுக்குப் பின்னால் நின்று வாசித்தவளுக்கு, கரியாலூரில்தான் முதல்முறையாகத் தனியாகப் பத்து நிமிடம் ஒதுக்கியிருந்தார்கள். சர்ஃப் இசை வாசிக்கப்போகிறாள். கடலலைமேல் பலகையில் சறுக்குகிறவர்கள் ஊரில் பிறந்த கிட்டார் இசை அது. தந்தியை மேலும் கீழும் படபடவென்று அடிக்க வேண்டும். ஒவ்வொரு அடியும் கணீரென்று விழுந்து எதிரொலிக்க வேண்டும். "கள்ளக்குறிச்சியில ஏதும்மா கடலு?" என்று கேட்டவர்களிடம், "கடல் இருக்கிற ஊர்க்காரங்க மட்டுந்தான் சோத்துல உப்பு போட்டுக்கிறாங்களா?" என்று திருப்பிக் கேட்டிருக்கிறாள்.

கோளாறு பிக்கப்பில் இருந்தது. தந்திக்கு அடியில் உட்கார்ந்து, அதன் அதிர்வைப் பிடித்து, சத்தத்தைப் பெருக்கும் ஆம்புக்கு அனுப்புகிற காந்தச் சுருள்தான் பிக்கப். அவள் கிட்டாரில் இருந்த இரண்டில் ஒன்று அறுந்தே போய்விட்டது. மற்றொன்று சீரியல் லைட்டைக் கண்டாலே உறுமியது. இரண்டையும் மாற்றியே ஆக வேண்டும்.

செல்லமுத்து ஒரு பழைய கிட்டாரிலிருந்து கழற்றிய இரட்டைச் சுருள் பிக்கப்புகளைச் சும்மாவே கொடுத்தார். மாட்டிப் பார்த்தாள். உறுமல் துளிகூட இல்லை, உயிரும் இல்லை. களி கிண்டியதுபோல் எல்லாத் தந்திகளும் ஒன்றாகக் குழைந்தன. இதில் அலையாவது, சறுக்கலாவது! சென்னைக் கடையில் கேட்டால் நல்ல ஜோடி வரப் பத்து நாள் ஆகும் என்றார்கள்.

இரண்டு நாள் செல்போனைத் தேய்த்துப் படித்து அவள் ஒரு முடிவுக்கு வந்தாள். ஒற்றைச் சுருள்தான் வேண்டும், அதிலும் சுற்று கம்மியாக. அப்போதுதான் சத்தம் கூர்மையாக வரும். உறுமலுக்கும் வழி இருந்தது. இரண்டாவது பிக்கப்பில் காந்தத்தைத் திருப்பிப் போட்டு, கம்பியையும் எதிர்த்திசையில் சுற்றிவிட்டால், இரண்டையும் சேர்த்துப் போடும்போது ஒன்றின் உறுமலை மற்றது கொன்றுவிடும். இசை மட்டும் மிஞ்சும்.

கம்பி சுற்ற ஆள் வீட்டிலேயே இருந்தான். அவள் கணவன் வேடியப்பன் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ரீவைண்டிங் கடை வைத்திருந்தான். சுற்றுவட்டாரத்தில் புகைந்துபோன போர் மோட்டாரெல்லாம் அவனிடம்தான் வரும்.

"அதுவும் காயிலு, இதுவும் காயிலு. குடு, கட்டித் தரேன்" என்றான்.

பழைய பிக்கப் இரண்டையும் பிரித்து, இரண்டாவதன் காந்தத்தை அவளே திருப்பி வைத்தாள். எத்தனை சுற்று, எந்தத் திசை என்று தாளில் அம்புக்குறி போட்டுக் கொடுத்தாள். முடியைவிட மெல்லிய கம்பியை மூச்சைப் பிடித்துக்கொண்டு சுற்றி, வெள்ளிக்கிழமை ஊர் தூங்கிய பிறகுதான் பற்றவைத்து முடித்தான். சனிக்கிழமை வாசித்துப் பார்க்கலாம் என்றால் மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை ஒன்பதுக்கே கரண்ட்டை நிறுத்திவிட்டார்கள். பகல் பன்னிரண்டுக்குக் குழுவின் வேன் மலையேறியது. லைட் வேலைக்காக வேடியப்பனும் கூட வந்தான்.

கரியாலூரில் மரத்துக்கு மரம் சீரியல் லைட், மேடைக்கு முன்னால் அதற்குள் கூட்டம். மைக் சரிபார்க்கும் நேரத்தில் அவள் இரண்டு பிக்கப்பையும் சேர்த்துப் போட்டு ஒரு தந்தியைத் தட்டினாள். கிட்டார் சத்தம் சளி பிடித்த கொசுபோல் முனகியது. உறுமலோ சங்கராபுரத்தைவிட இரண்டு மடங்கு!

"நான் தலபாடா அடிச்சிக்கினேன், நான் குடுத்த அந்தத் தடி பிக்கப்பப் போடுன்னு. கேட்டியா?" என்று செல்லமுத்து கீபோர்டுக்காரனைக் கைகாட்டி அழைத்தார்.

கோகிலவாணி வால்யூமைக் குறைத்தாள். கணக்கில் தப்பில்லை என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரியும். திரும்பிக் கணவனைப் பார்த்தாள். அவன் மரத்தில் இல்லாத பறவையைத் தேடிக்கொண்டிருந்தான்.

"மாமா, ரெண்டாவத எதிர்ப்பக்கமாதான சுத்துன?"

வேடியப்பன் பின்மண்டையைச் சொறிந்தான். "நீ தெரியாம எழுதிட்டன்னு நெனச்சேன் வாணி. ஒரு காயிலு தலைகீழா வுழுந்தா மோட்டார் சுத்தாது, உறுமும். தொழில் கத்துக்கும்போது நான் அடி வாங்கனதே அதுக்குத்தான். அதான்... நானே சரி பண்ணிட்டேன்."

"இன்னாத்த சரி பண்ண நீ? என் பொழப்பையா?" என்று கத்தியவள் அடுத்த வார்த்தையில் குரலை இறக்கினாள். "ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல மாமா?"

காயில் தப்பானதைவிட, தான் எழுதியது தப்பாகத்தான் இருக்கும் என்று அவன் கேட்காமலே முடிவு செய்ததுதான் அவளைச் சுட்டது.

வேடியப்பனுக்கு முகம் விழுந்துவிட்டது. ஆனால் கை சும்மா இருக்கவில்லை. "காயில அவுக்க வேணாம் வாணி. ரெண்டு முனைய மாத்திப் பத்தவெச்சா எதிர்ப்பக்கம் சுத்தின மாதிரிதான். அஞ்சு நிமிஷம் குடு." மைக்செட்காரரிடம் பற்றவைக்கும் சூட்டுக்கோலை இரவல் வாங்கிக்கொண்டு, மேடையிலேயே சம்மணமிட்டு உட்கார்ந்தான். அவள் டார்ச் அடித்தாள்.

முனைகள் இடம் மாறின. அவள் வயரைச் செருகி, வால்யூமை முழுதாகத் திறந்தாள்.

ஒரு சத்தமும் இல்லை.

"ஏம்மா, ஆம்ப ஆஃப் பண்ணிட்டியா?" என்றார் செல்லமுத்து.

அவள் தந்தியை அடித்தாள். கணீரென்று புறப்பட்ட சத்தம் எதிர்ச் சரிவில் மோதித் திரும்பியது. ஐஸ் விற்றுக்கொண்டிருந்தவர் கையை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். அப்பாடா! திங்கட்கிழமையிலிருந்து இருந்த பயம் அவளுக்கு அப்போதுதான் விட்டது.

செல்லமுத்துவுக்கு வாயெல்லாம் பல். "வேடியப்பா, நீ கை வெச்சா தப்புமாடா! மானத்தக் காப்பாத்திட்ட!" என்று அவன் முதுகில் தட்டினார்.

கோகிலவாணிக்கு மறுபடி மூக்கு சிவந்தது. அதற்குள் வேடியப்பன் முந்திக்கொண்டான். "ஐயோ, கெடுத்ததே நான்தாண்ணே. அவ கரெக்டாதான் எழுதிக் குடுத்தா. எனக்குத்தான் புத்தி பத்தல."

அவன் முகத்துக்கு ஒரு சாண் தள்ளி மைக் திறந்தே இருந்தது. மைதானத்தின் நாலு மூலை ஸ்பீக்கரிலும் அவன் குரல் முழங்கியது. கூட்டம் கொல்லென்று சிரித்தது. அவன் நாக்கைக் கடித்துக்கொண்டு மைக்கைப் பார்த்தான். பிறகு, என்ன நினைத்தானோ, அதற்குப் பக்கத்தில் குனிந்தான்.

"ஆமாங்க, மெய்தான்" என்றான்.