அம்மாவாசித் தீவு

தங்கச்சி புருசன் நன்றாக இருந்தால் சந்தோசப்பட்டுப் போக வேண்டியதுதானே? சங்கிலியால் முடியவில்லை. வயிறு எரிந்தது, அவ்வளவுதான்.

கண்மாயைத் தூர்வாரிய கோடையில், தங்கச்சி புருசன் அம்மாவாசி தன் பொக்லைனை வைத்து நடுக் கண்மாயில் வண்டலைக் குவித்துவிட்டான். தண்ணீர் பெருகியதும் திட்டு தீவாகிவிட்டது. வாழை வைத்தான், குடிசை போட்டான், பரிசலில் போய்வந்தான். கம்பம் டவுனிலிருந்தெல்லாம் படம் பிடிக்க ஆள் வந்தது. திட்டைச் சுற்றிக் கூப்பிடு தூரம் வரை மீனும் தனக்குத்தான் என்று வேறு பீற்றிக்கொண்டான்.

“அண்ணன் மூளைக்காரக. தண்ணிக்குள்ள தோட்டம் போட்டாக பாருங்க!” என்று சங்கிலியின் பெண்டாட்டி கஸ்தூரியம்மாளே மெச்சினாள். அன்றைக்கு அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

விடிந்ததும் உத்தமபாளையம் போய் வக்கீல் ரியாசுதீன் முன்னால் நின்றான். “அந்தத் திட்டு இருக்கக் கூடாது சார்.”

வக்கீல் சிரித்தார். “கடல்லயே நாடுக மண்ணக் கொட்டித் தீவு உண்டாக்குது. துறைமுகம் கட்டலாம், விமானம் எறக்கலாம். ஆனா சட்டத்துல அது தீவே இல்ல. தானா உண்டானாத்தான் தீவு. செஞ்ச தீவுக்குப் பாதுகாப்புக்குன்னு சுத்திக் கொஞ்ச தூரம் விடுவாக. மத்தபடி கடல்ல பங்கு கெடையாது. இது கண்மாய், கவருமெண்டுது. உள்ள கொட்டுன மண்ணும் கவருமெண்டுதுதான். மனுப் போடு.”

சங்கிலி போட்டான். சர்வேயர் வந்தபோது தானே குடை பிடித்தான், தன் தோப்பு இளநீரையும் வெட்டிக் கொடுத்தான்.

குடித்து முடித்த சர்வேயர், “இந்தத் தென்னை எங்கன நிக்குது?” என்றார்.

“எங்க வயல்ல சார்.”

அளந்தார்கள். தூர்வாரும்போதெல்லாம் வண்டலைத் தம் வயலோரம் தள்ளி வரப்பை நீட்டிக்கொள்வது அந்தப் பக்கத்துக் கரைக்காரர்கள் வழக்கம். யாரும் அதைத் தப்பாக நினைத்ததில்லை. சங்கிலியின் அப்பாவும் தள்ளி, அந்த மண்ணில்தான் தென்னை வைத்திருந்தார்.

“தோப்பு பூராவும் கண்மாய்க்குள்ள இருக்கு. எடுத்துத்தான் ஆகணும்” என்றார் சர்வேயர்.

கஸ்தூரியம்மாள் வாயிலும் வயிற்றிலும் அடித்துக்கொண்டாள். அம்மாவாசி ஓடி வந்தான். “சார், எந்திட்ட அள்ளிக்கங்க. மச்சான் மரத்த விட்டுருங்க, புண்ணியமாப் போகும்.”

கூடி நின்றவர்கள் உச்சுக்கொட்டினார்கள். ‘அடப்பாவி, இதிலும் நல்ல பேர் இவனுக்கா!’ சங்கிலிக்கு உடம்பெல்லாம் பற்றியது. சர்வேயரின் கையைப் பிடித்துக்கொண்டான்.

“மரம் போனாப் போகட்டும் சார். அந்தத் திட்டு போகுதா இல்லையா?”

“ரெண்டும்தான் போகுது.”

“அப்ப மொதல்ல திட்ட அள்ளச் சொல்லுங்க” என்றான் சங்கிலி.